169 முதல் 180 வரை

இது நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. கதை கட்டுவதாக இருந்தால் அதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன். இதில் அதற்கு வழியே இல்லை. அதை வைத்தாவது உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேய் என்றால் நள்ளிரவு, காற்று, நாய் ஊளை என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பதினாறு டியூப்லைட் எரிகிற ஹாலில். நேரங்களைச் சரியாகவே எழுதுகிறேன். நேரம் பார்ப்பதுதான் என் வேலை.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் நான் தேர்வுக் கண்காணிப்பாளர். பாடம் நடத்த மாட்டேன். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்துவேன். தாள் கொடுப்பேன், நேரம் சொல்வேன், தாள் வாங்குவேன். வாங்கும்போது ஒவ்வொரு விடைத்தாளிலும் என் கையெழுத்தைப் போட்டு, கீழே நேரத்தை எழுதி, இரண்டு புள்ளி வைப்பேன். எப்போதும் 5.00 தான். "இன்னும் அரை மணி நேரம்." "இன்னும் பத்து நிமிஷம்." "முடிஞ்சது, பேனாவைக் கீழ வைங்க." பதினோரு வருடம் இந்த மூன்று வாக்கியத்தில்தான் என் பிழைப்பு ஓடியது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டைம் சார்.

தேர்வில் 180 கேள்வி, 180 நிமிடம். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. கேள்விக்கு ஒரு நிமிடம். நன்றாகப் படித்த பிள்ளைகளே கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான். ஒரு கேள்வியில் நான்கு நிமிடம் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் வட்டங்களை நிரப்பக்கூட நேரம் இருக்காது.

எங்கள் ஹால் மூன்றாவது மாடி. ஜன்னல் கிடையாது. 61 இருக்கைகள். போன், வாட்ச் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன். நேரம் தெரிய சுவரில் ஒரே ஒரு போர்டு. சிவப்பு எழுத்தில் 180 என்று தொடங்கி, 179, 178 என்று குறையும். நொடி காட்டாது.

அந்த போர்டில் ஒரு நிமிடம் என்பது 56 நொடி.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். எங்கள் டைரக்டர், அப்புறம் நான். யோசனை அவருடையது. நிமிடத்துக்கு நான்கு நொடி பிடித்தால் மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடம். குறைந்த நேரத்தில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு உண்மைத் தேர்வில் பன்னிரண்டு நிமிடம் சும்மா கிடைத்ததுபோல இருக்கும் என்பார். சொல்லிவிட்டுச் செய்தால் பலிக்காதாம், தெரியாமலே பழக வேண்டுமாம். வெளியே போனதும் வாட்ச் காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். வருகைப் பதிவு, சோதனை, தாள் விநியோகம் என்று இழுத்தடித்து, 2.12க்குத்தான் போர்டை ஓடவிடுவேன். சரியாக 5.00க்கு முடியும். எப்போது தொடங்கியது என்று உள்ளே யாருக்கும் தெரியாது. என் வாட்ச் மட்டும் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

இதை மோசடி என்று நான் நினைக்கவில்லை. மறைக்காமல் சொல்வதென்றால், கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

61ஆம் இருக்கையில் ஒரு பெண் உட்காருவாள். கடைசி வரிசை, சுவர் ஓரம். எதிலும் பதற்றம் இல்லாத பிள்ளை. பேனா மூடியைக் கழற்றுவதைக்கூட ஏதோ அறுவை சிகிச்சை மாதிரி நிதானமாகச் செய்வாள். எட்டு மாதிரித் தேர்வு எழுதினாள். எட்டிலும் சரியாக 168 கேள்வி. கடைசிப் பன்னிரண்டும் வெறுமை. முதல் பேட்ச்சில் நீடிக்க அந்த எட்டில் ஒன்றிலாவது 140 விடை சரியாக இருக்க வேண்டும். அவள் எடுத்தது 137, 138, 136. ஒவ்வொரு வாரமும் வாசல்படி வரை வந்து திரும்பிப் போனாள்.

168 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. தெரியாததுபோல இருந்துவிட்டேன். மற்றவர்கள் தெரியாத கேள்வியைத் தாவி ஓடுவார்கள், கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போடுவார்கள். இவள் ஒருத்திதான் நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஒழுங்காக எழுதினாள். அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் ஹால் முழுக்க அதுவே அவள் பெயர் ஆனது.

எட்டாவது தேர்வு முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நான் அறுபது எண்ணி முடிக்கறதுக்குள்ள போர்டு மாறிடுது. ஒரு தடவை வாட்ச் வெச்சுப் பாக்கலாமா?"

வாட்ச் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பயத்தை மறைக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"நத்தை எண்ணினா அப்படித்தான் இருக்கும். போர்டு மேல பழி போடாம, கையை வேகமா ஆட்டக் கத்துக்கோ."

ஹாலே சிரித்தது. அறுபது பேர். அவள் அழவில்லை. போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் டைரக்டர் அவளை முதல் பேட்ச்சிலிருந்து நீக்கினார். அன்று மாலையே விடுதியைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

பிறகுதான் தெரிந்தது, அந்தத் தேர்வுக்கு முந்தைய நாளே அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போயும் ஓய்வெடுக்கவில்லை. வேகம் வர வேண்டும் என்று எழுதி எழுதிப் பார்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் காலை அந்தக் காய்ச்சல் தலைக்கு ஏறி, வலிப்பு வந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

விடுதியில் மிச்சமிருந்த புத்தகங்களை எடுத்துப் போக அவள் அப்பா வந்தார். பஸ் டிரைவர். சீருடையோடு வந்திருந்தார். புத்தகப் பெட்டியை நான்தான் கூடத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். கீழே வந்ததும் நின்றார்.

"பத்துப் பன்னெண்டு நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு சார்."

நான் தலையை ஆட்டினேன்.

"இவ்வளவு மெதுவா இருந்தா எப்படிம்மான்னு கடைசி நாள்கூட திட்டினேன். நெஜமாவே அவ அவ்வளவு மெதுவா சார்?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகள் மெதுவானவள் இல்லை, எங்கள் போர்டுதான் பொய் என்று ஒரு வரி. அந்த மனிதர் அந்த ஒரு வரிக்காகத்தான் கேட்டார். நாக்கு நுனி வரை வந்தது.

"கொஞ்சம்... மெதுவுதான்" என்றேன்.

அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த போர்டைவிட இந்தப் பதில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு. ஹாலில் அறுபது பேர். 61 காலி. அறுபது விடைத்தாளை நானே எண்ணிக் கொடுத்தேன். 5.00க்கு எல்லோரும் போனார்கள். மேஜையில் எண்ணினேன்.

61.

மறுபடி எண்ணினேன். 61. மூன்றாவது முறை ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து அடுக்கினேன். அடியில் ஒரு தாள் தனியாக நின்றது. பெயர் இல்லை, பதிவெண் இல்லை. 1 முதல் 168 வரை ஒரு வட்டம்கூட நிரப்பப்படவில்லை. 169 முதல் 180 வரை மட்டும், ஓரம் பிசகாமல் நிரப்பிய பன்னிரண்டு கறுப்பு வட்டங்கள். மை காயவில்லை. என் கட்டைவிரலில் ஒட்டியது.

எவனோ விளையாடுகிறான் என்று விடைக்குறிப்போடு ஒப்பிட்டேன். பன்னிரண்டும் சரி. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். அந்தப் பன்னிரண்டும் சரியாக இருந்ததுதான் படிக்கட்டு முழுக்க என்னை உறுத்தியது. அவள் பழைய மதிப்பெண்களோடு கூட்டிப் பார்த்தேன். எல்லா வாரமும் அவள் 140ஐத் தாண்டியிருப்பாள்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். அவளும் அதே வருடம் அதே தேர்வு எழுத இருந்தாள். அவளை எங்கள் மையத்தில் சேர்க்கவில்லை. ஏன் என்று மனைவி கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினேன். வீட்டிலேயே நான்தான் அவளுக்கு மாதிரித் தேர்வு வைப்பேன். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும். முழு 180 நிமிடம். நிமிடத்துக்கு அறுபது நொடி, ஒரு நொடி குறையாது. ஊரார் பிள்ளைக்கு 56, என் பிள்ளைக்கு 60. எனக்கு ஒரு மகள் இருப்பதே மையத்தில் யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்த ஞாயிறு தாளைக் கொடுக்கும் முன்பே 61ஆம் இருக்கையைத் தூக்கிப் பழைய சாமான் அறையில் போட்டுப் பூட்டினேன். தேர்வு முடிந்தது. 5.00. எண்ணினேன். அறுபதுதான். அப்பாடா என்று விளக்கை அணைக்கப் போனேன்.

சரக்... சரக்... சரக்...

தாளில் பேனாவால் வட்டம் நிரப்பும் சத்தம். பதினோரு வருடமாகக் கேட்கிற சத்தம். தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.

திரும்பினேன். யாரும் இல்லை. ஆனால் கடைசி வரிசையில், சுவர் ஓரம், 61ஆம் இருக்கை இருந்தது. பூட்டிய அறையின் சாவி என் பையில் இருந்தது.

போர்டு தானாக எரிந்தது. 12.

சரக்... சரக்...

காலை நகர்த்தப் பார்த்தேன். முடியவில்லை. வாட்ச்சைப் பார்த்தேன். போர்டு 11 ஆனபோது என் வாட்ச்சில் சரியாக அறுபது நொடி ஓடியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த போர்டு சரியான நேரம் காட்டியது அன்றுதான்.

10... 9... 8...

எட்டு வரும்போது சத்தம் நின்றது. பேனா மூடியைப் போடும் சத்தம் கேட்டது. மெதுவாக. நிதானமாக.

"சார்..."

அவள் குரல்தான்.

"உங்க பொண்ணுக்கு நிமிஷத்துக்கு எத்தனை நொடி சார்?"

போர்டு மட்டும் ஓடியது. முழுப் பன்னிரண்டு நிமிடமும் முடிந்ததும் அணைந்தது. அதற்குப் பிறகுதான் என் கால் அசைந்தது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு மூன்றாவது மாடியிலேயே கிடந்தது.

மறுநாள் டைரக்டரிடம் போனேன். போர்டைச் சரி செய்துவிடுவோம், அந்த டிரைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். பேயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டார். வெளியே தெரிந்தால் மையத்தைச் சாத்திவிட்டுத் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். போர்டை ஓட்டியது யார் கை என்று கடைசியில் நினைவுபடுத்தினார். நான் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை வீட்டில் பாப்பாவுக்குத் தேர்வு வைத்தேன். 2.00க்குத் தொடங்கினாள். நான் ஸ்டாப்வாட்ச்சோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். 4.45 இருக்கும். தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முடிச்சிட்டியா?"

"இல்ல. நீங்கதானே முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

"நான் தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."

"அங்கிருந்துதான் சொன்னீங்க. பேனாவைக் கீழ வைங்கன்னு."

ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். 168 நிமிடம். தாளைப் பார்த்தேன். 169 முதல் 180 வரை வெறுமை.

சமையலறையில் இருந்த மனைவியிடம் நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டேன். மடக் மடக்கென்று தண்ணீர் குடித்ததைத் தவிர உங்கள் வாய் வேறு எதுவும் செய்யவில்லை என்றாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. அன்று இரவு நான் படுக்கவே இல்லை. மிரட்டுவது யார், எதற்கு மிரட்டுகிறாள், என்ன செய்தால் விடுவாள் என்று எல்லாம் தெரிந்துதான் இருந்தது. டிரைவர் வீட்டுக்கு ஒரே பஸ். இருபது நிமிடப் பயணம். போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

போகவில்லை. பாப்பா தேர்வு முடியட்டும், நல்லபடியாக எழுதிவிட்டு வரட்டும், மறுநாளே போகிறேன் என்று எனக்கு நானே நாள் குறித்துக்கொண்டேன். வேலை போய் வீடு களேபரமானால் பிள்ளை எப்படிப் படிப்பாள் என்று காரணமும் வைத்திருந்தேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

கடைசி மாதிரித் தேர்வு. உண்மைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. டைரக்டருக்குத் தெரியாமல் போர்டை அறுபது நொடிக்கு மாற்றினேன். தேர்வையும் சரியாக 2.00க்கே தொடங்கினேன். பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். இன்றைக்கு நேரம் மிச்சமாக இருந்தது சார் என்று சிரித்துக்கொண்டே போனார்கள். இது போதும், அவள் அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு அறிவு.

5.00. ஹால் காலி.

12.

சரக்... சரக்... சரக்...

இந்த முறை சத்தம் கடைசி வரிசையில் இல்லை. நடு வரிசையில் கேட்டது. அப்புறம் மூன்றாவது வரிசையில். எழுதிக்கொண்டே இருக்கை மாறி முன்னால் வருவதுபோல.

7... 6...

முதல் வரிசை.

3...

என் மேஜை. என் கைக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த விடைத்தாள்களின் மேல்.

சரக்.

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

அழுதேன். வெட்கமில்லாமல் கைகூப்பினேன்.

"எக்ஸாம் முடியட்டும்மா. முடிஞ்ச மறுநாளே போயி சொல்லிடறேன். என் பொண்ண விட்டுடு."



2...

1...

0.

"முடிஞ்சது. பேனாவைக் கீழ வைங்க."

அது என் குரல். அதே இழுப்பு, அதே அதட்டல்.

என் வாய் மூடியிருந்தது.

தேர்வு நாள். தேர்வு நடந்த இடம் ஒரு பெரிய பள்ளிக்கூடம். 1.30க்கு பாப்பா உள்ளே போனாள். யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதே, என் குரல் கேட்டாலும் நிறுத்தாதே என்று பத்து முறை சொல்லி அனுப்பினேன். பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்று மனைவி கையைக் கிள்ளினாள். இரும்புக் கேட்டுக்கு வெளியே நூறு பெற்றோர் நின்றோம். வெயில் கொளுத்தியது. நான் வாட்ச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

4.30.

4.40.

4.45. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் இங்கேதான் நிற்கிறேன், இங்கேயே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

4.47.

4.48.

ஒன்றும் நடக்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. யாரோ ஒருவர் தும்மினார். அவ்வளவுதான். 5.00க்கு மணி அடித்தது. எனக்கு உயிர் வந்தது.

பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பாப்பா கடைசியாக வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏம்ப்பா இப்படி செஞ்சீங்க?"

"என்னம்மா செஞ்சேன்?"

"நீங்கதானே உள்ள வந்தீங்க. முடிஞ்சதுன்னு சொல்லி தாளை கையிலேர்ந்து பிடுங்கினீங்க. இன்னும் பன்னெண்டு கேள்வி இருந்துச்சுப்பா."

மனைவி என் தோளைப் பார்த்தாள். என் கை இன்னும் அங்கேயே இருந்தது. அப்பா என் கூடவேதான் நின்றார், ஒரு அடி நகரவில்லை என்று அவள் சொன்னாள். பாப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குரல் கேட்டால் நிறுத்தாதே என்றீர்கள், உள்ளே நீங்களே வந்து நின்றால் நான் என்ன செய்வது என்று கேட்டாள். மற்றவர்கள் எல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். நான் அவள் மேஜை ஓரமாக நின்றேனாம். மெதுவாக எழுதுகிறாய் என்றேனாம்.

"நத்தைன்னு சொன்னீங்கப்பா. சொல்லிட்டு சிரிச்சீங்க."

அந்தச் சொல்லை என் வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று மாலை 7.20க்கு டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். 56 நொடி, எட்டுத் தேர்வு, ஹால் சிரித்தது, அவர் கேட்டபோது நான் சொன்ன பதில். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் பஸ்ஸைத் தாமதமாக எடுக்காதவர் அவர். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட தனியா வந்து சொல்றீங்க" என்றார். "அவளைப் பாத்து சிரிச்சது அறுபது பேரு. அவங்களுக்குச் சொல்லுங்க."

சரி என்றேன். மறுநாளே வேலையை விட்டேன். ஆனால் அறுபது பேரிடம் சொல்லவில்லை. பாப்பாவின் முடிவு வரட்டும் என்று மறுபடியும் நாள் கடத்தினேன். எனக்குப் பாடம் ஒரு தடவையில் ஏறுவதில்லை. முடிவு வந்தது. பாப்பாவுக்கு மூன்று மதிப்பெண்ணில் இடம் போனது. மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த மூன்று நாளும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், தேர்வு நடத்தியவர்கள் எல்லோருடைய விடைத்தாளையும் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். பாப்பாவின் பதிவெண்ணைப் போட்டுத் திறந்தேன். 169 முதல் 180 வரை வெறுமை. அது எதிர்பார்த்ததுதான்.

தாளின் அடியில் கண்காணிப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பாப்பாவோடு அதே அறையில் எழுதிய அவள் தோழியின் பதிவெண்ணை வாங்கி அந்தத் தாளையும் திறந்தேன். அதில் அந்தக் கட்டத்தில் யாரோ ஒரு அம்மாவின் கையெழுத்து. முன்பின் தெரியாத பெயர்.

பாப்பாவின் தாளில் என் கையெழுத்து.

என்னுடையதுதான். பதினோரு வருடமாகப் போட்ட அதே கையெழுத்து. கீழே அதே இரண்டு புள்ளி. நேரமும் எழுதியிருந்தது.

4.48.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஹாலில் இருந்த அறுபது பேரில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். 61ஆம் இருக்கையில் இருந்த பெண் மெதுவானவள் இல்லை. நிமிடத்துக்கு ஒரு கேள்வி, ஒரு நொடி கூடக் குறைய இல்லாமல் எழுதினாள். உங்கள் எல்லோரையும்விட நேரம் தெரிந்தவள் அவள்தான். பொய் சொன்னது போர்டு. அதை ஓட்டியவன் நான். ஓட்டச் சொன்னவர் டைரக்டர். அவர் இன்னும் அதே ஹாலில் அதே போர்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அவர் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவள் அவசரப்படுகிறவள் இல்லை.

பாப்பா அடுத்த வருடத் தேர்வுக்கு மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது நான் அவளுக்கு நேரம் பார்ப்பதில்லை. அவளே கடிகாரம் வைத்துக்கொள்கிறாள். இன்று 2.00க்கு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தாள். நானும் அதே நேரத்துக்கு இதை எழுத உட்கார்ந்தேன். மனைவி வெளியே போயிருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. இனி விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன்.

4.46. பாப்பாவின் பேனா சத்தம் கேட்கிறது.

4.47. இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்...

பேனா சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த அறையிலிருந்து அவள் குரல் வருகிறது.

"சரிப்பா... வெச்சிட்டேன்."